பெட்டியில் பொருட்கள் ஏன் குறைவு? மழலையர் வகுப்பு நடத்துவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் மழலையர் பள்ளி நடத்துவோருக்கும் வணக்கம்.

ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கான விளையாட்டு, கற்றல் பொருட்கள் அடங்கிய பெட்டிகளை எங்கள் கடையிலிருந்து அனுப்பத் தொடங்கிவிட்டோம். பெட்டியைப் பிரித்ததும் உங்களில் பலருக்கு ஒரு கேள்வி வரும்: இருபது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு எட்டு வகைப் பொருள்தானா? விலையைக் குறைக்க நாங்கள் வகையைக் குறைக்கவில்லை. தினம் ஒரு புதுப் பொருள் வந்தால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைத் தொட்டுப் பார்க்கவே நேரம் சரியாகிவிடும். அதே பொருள் திரும்பத் திரும்பக் கைக்கு வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு சிரமம் மட்டும் கூட வேண்டும். அப்போதுதான் கை பழகும், எண்ணிக்கை பிடிபடும். வகை குறைந்த இடத்தில், ஒரே மாதிரியான பொருளை ஐந்தைந்தாக வைத்திருக்கிறோம். ஒரு பாயைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்து, நடுவில் ஐந்து வெவ்வேறு பொருட்கள் இருந்தால், ஐவருக்கும் அடுத்தவர் கையில் இருப்பதுதான் வேண்டும். பிரீ-கேஜியில் நடக்கும் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது.

கட்டைக் கோபுரத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பக்கம் கொண்ட பத்துக் கனசதுரக் கட்டைகள் உண்டு. பத்துக்கும் ஒரே நிறம். மாறுவது அளவு மட்டுமே. கடைகளில் கிடைக்கும் சில நகல்களில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நிறம் அடித்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிள்ளை ‘சிவப்புக்கு மேல் நீலம்’ என்று நிறத்தை மனப்பாடம் செய்து அடுக்கிவிடும். அளவைக் கண் பார்த்திருக்காது. அதனால்தான் எங்கள் பெட்டியில் இருக்கும் கட்டைகள் ஒரே நிறத்தில் இருக்கின்றன. முதல் வாரம் பத்தையும் கொடுக்காதீர்கள். 10, 7, 4 என்று மூன்று கட்டை போதும். அது தடுமாறாமல் வந்த பிறகு இடையில் உள்ளவற்றைச் சேருங்கள். பக்கத்துப் பக்கத்து அளவுகளைப் பிரித்தறிவதுதான் கடினம், அது கடைசியில் வரட்டும்.

அடுத்தது பல்லாங்குழி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் எண்ணிக்கை கற்பிக்க இதைவிடச் சிறந்த பொருள் எங்கள் கடையில் இல்லை. இரண்டு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு குழிகள். எல்கேஜி பிள்ளைக்கு முதலில் ஒரு வரிசை மட்டும். ஏழு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, குழிக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். எண் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு குழியில் இரண்டு விழுந்தால் இன்னொரு குழி காலியாக நிற்கும். தவறை நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, பலகையே காட்டிவிடும். இது வந்த பிறகு போடும்போது எண்ணச் சொல்லுங்கள். இங்கே பெரும்பாலும் வாய் முந்திக்கொள்ளும்: விரல் மூன்றாவது குழியில் இருக்கும், வாய் ஐந்தைச் சொல்லிவிடும். அப்போது ‘மெதுவா எண்ணு’ என்று சொல்வதில் பயனில்லை. ஒவ்வொரு கொட்டையையும் ஒரு சாண் உயரத்திலிருந்து குழியில் போடச் சொல்லுங்கள். விழுகிற சத்தமும் சொல்கிற எண்ணும் தானாக இணையும்.

எண்ணி முடித்ததும் பலகையைக் கையால் மூடி, “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். ‘ஏழு’ என்று உடனே பதில் வந்தால் நல்லது. கையை விலக்கி மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் புரியவில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு கிண்ணம் நிறையக் கொட்டையை வைத்து, “எனக்கு நாலு கொடு” என்று கேளுங்கள். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை ஒரு கை அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு எண் வடிவம் எழுதக் கற்றுக்கொடுப்பதில் அவசரம் காட்டாதீர்கள். ‘ரெண்டு கொடு’, ‘மூணு கொடு’ என்று கேட்டு வாங்கும் விளையாட்டைப் பல நாள் தொடருங்கள். ஒவ்வொரு எண்ணாகத்தான் ஏறும். ஐந்து ஐந்தாக இரு வரிசை வைத்து, ஒன்றை மட்டும் அகலப் பரப்பினால், பரப்பிய வரிசையில்தான் அதிகம் என்று நான்கு வயதுப் பிள்ளை சொல்லும். திருத்த வேண்டாம். அந்த வயதின் பார்வை அது; ஆறேழு வயதில் தானே மாறும். யூகேஜிக்குப் பலகையை முழுதாகக் கொடுத்து, குழிக்கு இரண்டு கொட்டை வைத்து ஆட்டத்தையே சொல்லிக்கொடுக்கலாம்.

கொட்டையைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. குன்றிமணியை எந்தக் காரணத்துக்காகவும் வகுப்புக்குள் விடாதீர்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரின் கண்ணுக்கு வாங்கிய மிச்சம் வீட்டில் கிடக்கும், ஆசையாக யாராவது கொண்டுவந்து தருவார்கள். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதைக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. கடித்து மென்றாலும், கோர்ப்பதற்காகத் துளையிட்டாலும் அது வெளிப்படும். ஆமணக்கு விதையும் அப்படியே. இரண்டாவது, கொண்டைக்கடலையும் பட்டாணியும். மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், எடுப்பது கடினம். புளியங்கொட்டை அப்படிச் சட்டென்று ஊறாது, ஆனாலும் மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு அதுவும் வேண்டாம். பெட்டியில் ஒரு சிறு அளவுக் குழல் வைத்திருக்கிறோம். அதன் வாய் 31.7 மி.மீ. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் பயன்படும் அளவு அது. அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் தொண்டையை அடைக்கக்கூடும். தண்ணீர் பாட்டில் மூடியைப் போட்டுப் பாருங்கள், உள்ளே போய்விடும். பிரீ-கேஜிக்கு எண்ணுவதற்கென்று 4 செ.மீ. மரவட்டுகள் தனியாக இருக்கின்றன.

இனி கைக்கான வேலை. மணிக்கட்டில் எட்டு எலும்புகள். மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் பாதிக்கும் குறைவானவையே தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு கோடு நோட்டில் எழுதச் சொன்னால், பிள்ளை தோளையும் முழங்கையையும் இறுக்கி இழுக்கும். எழுத்து வராது, வலிதான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை மாவிலும் மணலிலும் தண்ணீரிலும் இருக்கின்றன.

மாவை நீங்களே பிசைந்துகொள்ளலாம், அதனால்தான் பெட்டியில் கருவிகளை மட்டும் வைத்திருக்கிறோம். ஐந்து பிள்ளைகளுக்கு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெந்நீர் முக்கால் முதல் 1 கப். மாவையும் உப்பையும் கலந்து, எண்ணெய் விட்டு, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பூரி மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆளுக்கு ஒரு சாத்துக்குடி அளவு உருண்டை கிடைக்கும். கல் உப்பு போடாதீர்கள், கரையாமல் கையை அறுக்கும். மாவு வெடித்தால் தண்ணீர் சேர்க்காமல் எண்ணெய் தொட்டுப் பிசையுங்கள். ஒட்டினால் ஒரு கரண்டி மைதா. கடலோர ஊர்களில் இரண்டே நாளில் மாவு பிசுபிசுக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம். ஆட்டம் முடிந்த கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள், வாடை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். விரலில் காயம் உள்ள பிள்ளைக்கு அன்று வேறு வேலை கொடுங்கள், உப்பு எரியும். கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் அந்தப் பாய் முழுவதற்குமே அரிசி மாவில் பிசைவது நல்லது. நிறையத் தின்றால் உப்பு உடம்புக்கு ஆபத்து, ஆகவே வாயில் போடும் வயதில் அருகிலேயே ஆள் இருக்க வேண்டும்.

மாவு வேலைக்கும் வரிசை உண்டு. முதலில் அமுக்குவதும் பிய்ப்பதும். பிறகு உள்ளங்கையால் பாம்பு உருட்டுவது. அதன்பின் இரு கைகளுக்கு நடுவே உருண்டை. கடைசியில் மூன்று விரலால் கிள்ளி மூக்கு, காது வைப்பது. இந்தக் கிள்ளலில்தான் பென்சில் பிடி பிறக்கிறது. கத்தரிக்கோலையும் இங்கேயே தொடங்கலாம்: மாவுப் பாம்பை வெட்டுவது காகிதத்தை வெட்டுவதைவிட எளிது. அடுத்து பழைய கல்யாணப் பத்திரிகையை 2 செ.மீ. அகல நாடாவாக நறுக்கிக் கொடுங்கள், ஒரே வெட்டில் துண்டாகும். செய்தித்தாளைக் கொடுத்தால் மெல்லிய தாள் அலகுகளுக்கு நடுவே மடிந்துகொள்ளும், பிள்ளை தன்னால் முடியவில்லை என்று வைத்துவிடும். இடக்கைப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோலும் ஒன்று பெட்டியில் இருக்கிறது. வலக்கைக் கத்தரி இடக்கையில் சரியாக வெட்டாது. அதைப் பிள்ளையின் குறையாக எண்ணிவிட வேண்டாம்.

மணல் தட்டில் செய்யும் தவறு ஒன்றே: மணலை அதிகம் கொட்டுவது. 5 முதல் 8 மி.மீ. போதும். கூடினால் விரல் இழுத்த கோட்டுக்குள் மணல் சரிந்துவிடும், கோடு தெரியாது. தட்டின் அடி கருநீலமாக இருப்பது கோடு பளிச்சென்று தெரிவதற்காக. சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலே நல்லது. ரவைக்கு எறும்பும் வண்டும் வரும், உப்பு மழைக்காலத்தில் கட்டிதட்டும். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து இணைக்கிற சிறு கோலத்தில் தொடங்குங்கள். எழுத்து என்று வரும்போது ட, ப என நேர்கோட்டில் அமைந்தவை முதலில் வரட்டும். அகரத்தின் சுழி பொறுத்து வரலாம். கிரேயானை 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளமான கிரேயானை முஷ்டியால் பிடிக்கலாம், துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும்.

ஊற்றும் குவளை 250 மி.லி. கொள்ளும். பாதிதான் நிரப்ப வேண்டும். இந்தக் குவளையைப் பற்றி வரும் புகார் எப்போதும் ஒன்றுதான், ‘தண்ணீரைக் கவிழ்த்துவிடுகிறார்கள்’. டம்ளரில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அடையாளம் இல்லாததே காரணம். டம்ளரின் முக்கால் உயரத்தில் ஒரு வண்ண டேப் ஒட்டிவிடுங்கள், பிள்ளை கோட்டைப் பார்த்து நிறுத்தும். பக்கத்தில் ஒரு ஸ்பாஞ்சும் வையுங்கள். சிந்தியதைத் துடைத்துப் பிழிவது கைக்கு இன்னொரு நல்ல வேலை. ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சிறு பிள்ளைகளுக்குச் சில அங்குலத் தண்ணீரே உயிராபத்து.

கோர்க்கும் மணிகள் 25 மி.மீ. அளவுக் குழலுக்குள் அடங்கிவிடும் என்பதால் மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு இவையும் வேண்டாம். கயிற்றின் முனை விறைப்பாக 4 செ.மீ. இருக்கிறது. அது நைந்துபோனால் பிள்ளையால் கோர்க்கவே முடியாது, டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் மணியை முடிச்சுப் போட்டே கொடுங்கள், இல்லாவிட்டால் மறுமுனையில் எல்லாம் கொட்டிவிடும். கழுத்தில் மாட்டவிட வேண்டாம். நிறம் பிரிப்பதற்கும் இதே மணிகள்தான்: சிவப்பும் நீலமும் முதலில். ஒரு பையன் சிவப்பையும் பச்சையையும் தொடர்ந்து மாற்றி வைத்தால், கவனக்குறைவு என்று முடிவுகட்டாமல் பெற்றோரிடம் கண் பரிசோதனைக்குச் சொல்லுங்கள்.

துணிப்பை ஒலி விளையாட்டுக்கானது. பந்து, பல்லி, வாளி என மூன்று பொம்மைகளைப் போட்டு, எந்த இரண்டு ஒரே மாதிரித் தொடங்குகின்றன என்று கேளுங்கள். தொடக்கத்தில் பிள்ளைகள் பொருளின் உபயோகத்தைப் பார்த்தே சேர்ப்பார்கள். நீங்கள் முதல் ஒலியை அழுத்திச் சொல்லிச் சொல்லித்தான் காது பழகும். பொருளே தேவைப்படாத ‘கொக்கு பற பற’வையும் விட்டுவிடாதீர்கள். ‘எருமை பற பற’ என்னும்போது கையைத் தூக்காமல் அடக்குவது மூன்று வயதுக்குப் பெரிய வேலை. எல்லோரும் தூக்கிவிட்டால், வேகத்தைக் குறையுங்கள்.

மரப்பொருட்களைத் துடைப்பது பற்றி ஒரு வார்த்தை. அரக்குப் பூச்சு உள்ளவற்றில் சானிடைசர் படக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், நிறம் கையில் ஒட்டும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருட்களுக்கு அதில் விலக்கு உண்டு என்பதால் சில மரப்பொருட்களில் முத்திரை இருக்காது. அவற்றின் பெயர்களைப் பெட்டிக்குள் உள்ள சீட்டில் தனியாகக் குறித்திருக்கிறோம்.

மணி, கட்டை, கயிறு எது தொலைந்தாலும் அந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம், முழு செட்டும் வாங்க வேண்டாம். கோபுரத்தில் ஒரு கட்டை குறைந்தாலும் அடுக்கும் வரிசை உடைந்துவிடும், ஆகவே தொலைந்ததும் சொல்லுங்கள். அளவை எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
கடையில் உள்ள அனைவரும்