ஏணியை மடிக்க முன் இரண்டு திருகாணி

திருகோணமலையில் யன்னல் பிளைண்ட்ஸ் விற்கும் முதலாளிமாருக்கும், வீடு வீடாகப் போய்ப் பூட்டும் தம்பிமாருக்கும் வணக்கம்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் உங்களுக்கு ஓய்வில்லை. உவர்மலை மாடிவீட்டிலும் உப்புவெளி வாடகை அறையிலும் ரோலர் பிளைண்ட் ஏறுகிறது. துணி மட்டமாக விழுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை ஏற்றி இறக்கும் வளையச் சங்கிலிதான் கட்டில் மட்டத்துக்குத் தொங்குகிறது. அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கவேண்டிய பிளாஸ்டிக் பிடியோ, இரண்டு திருகாணியோடு, பொலித்தீன் பை பிரிக்காமலே குப்பைக்குப் போகிறது. ஏணியை மடிக்க முன் அதைப் பூட்டிவிடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

அது எதற்கென்று உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டிலில் ஏறி வெளியே எட்டிப் பார்க்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் தலை அந்த வளையத்துக்குள் போகும். கால் சறுக்கினால் உடம்பின் பாரமே கழுத்தை இறுக்கும். மூச்சுக்குழாய் அமுங்கினால் அழுகைச் சத்தம்கூட வராது, குசினியில் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. சில நிமிடம் போதும். கனடாவில் 2022 மே முதல், கைக்கெட்டும் வளையத்தின் சுற்றளவு 44 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஒரு வயதுப் பிள்ளையின் தலையின் சுற்றளவு ஏறக்குறைய 45, 46 சென்ரிமீற்றர். நீங்கள் தொங்கவிடும் சங்கிலியை ஒருதரம் அளந்து பாருங்கள்.

வளையத்தின் அடி தரையிலிருந்து 1.5 மீற்றருக்குக் கீழே வரக்கூடாது. பிளைண்ட் 2.1 மீற்றர் உயரத்தில் என்றால் 60 சென்ரிமீற்றர் தொங்கல் போதும். நீளமான சங்கிலிக்கு முடிச்சுப் போடாதீர்கள், அது இன்னொரு வளையம். குட்டையானதை மாட்டி, விறைப்பாக இழுத்து, சுவரைத் துளைத்து றோல் பிளக் செருகி இரண்டு திருகாணியையும் முடுக்குங்கள். இருபக்க ரேப் வேண்டாம், பெயின்ரோடு உரிந்து வரும். பாரம் விழுந்தால் விடுபடும் இணைப்பை "அடிக்கடி கழலுது" என்று எடுத்துவிட்டு உலோக இணைப்புப் போடுகிறீர்களே, அது கழல்வதற்கென்றே செய்ததையா!

குடிபூரலுக்கு நீற்றுப்பூசணி வெட்டிக் கண்ணூறு கழிக்க எங்களுக்கு நேரமிருக்கிறது. துணியில் நாற்பது நிறம் விரித்துக் காட்ட உங்களுக்கும் நேரமிருக்கிறது. இரண்டு திருகாணிக்கு மட்டும் "பிறகு வாறம்".

கோபமில்லை என்று பொய் சொல்லமாட்டோம். ஆனாலும் பணிவாகவே கேட்கிறோம்: அந்த இரண்டையும் முடுக்காமல் ஏணியை மடிக்க வேண்டாம். ஏற்கெனவே பூட்டிய வீடுகளுக்கும் ஒருநடை போய்வாருங்கள். சின்னப் பிள்ளை இருக்கும் வீடென்றால், சங்கிலியே இல்லாத ஸ்பிரிங் பிளைண்டை முதலில் காட்டுங்கள்.