அம்மாவின் பிறந்த திகதியும் நான்கு பைட்டுகளும்

பரந்தன்

அன்புள்ள மகளுக்கு,

நீ நிரல் எழுதும் நீர்ப்பம்பிக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அம்மாவின் பிறந்த திகதியை அடையாள எண்ணாக வைக்கலாமா, அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. ஆனால் அந்த எண்ணுக்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும்.

கடைக்கு வரும் பெட்டிகளின் நினைவகச் சிப்பைக் கழற்றிக் கணினியில் வாசித்தால், எழுதப்படாத இடமெல்லாம் எஃப்எஃப், எஃப்எஃப் என்றே ஓடும். போன கிழமை வந்த ஒன்றில், அந்த வரிசை தொடங்குவதற்குச் சற்று முன்னே ஈஎஃப், பீஈ, ஏடி, டிஈ என நான்கு பைட்டுகள் நின்றன. கடைசிப் பைட்டை முதலில் வைக்கும் செயலி என்பதால் பின்னாலிருந்து வாசித்தேன்: டெட்பீஃப், ஆங்கிலத்தில் ‘செத்த மாட்டிறைச்சி’. பதினாறு இலக்கங்களால் எழுதும் பதினறும எண்களில் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இலக்கங்கள் என்பதால் பிறந்த பழைய குறும்பு அது. ஐபிஎம்மின் ஆர்எஸ்/6000 கணினிகளிலேயே இருந்தது. கடைக்கு வந்த அந்தப் பெட்டி இயங்கத் தொடங்கும்போது இந்த அடையாள எண்ணைத்தான் முதலில் தேடும். இருந்தால் சேமித்த அமைப்புகளை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சிப் வெறுமையானது என்று கருதித் தொழிற்சாலை அமைப்புகளை எழுதிவிடும். எண் அங்கே இருந்ததால் சிப்பை அப்போதைக்கு விட்டுவிட்டு மற்றப் பாகங்களைப் பார்த்தேன். பழுது ரிலே என்னும் மின்சுவிட்சில் இருந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதைவிட அழகான ஒன்று உண்டு. கணினியை மீளத் தொடக்கும் கட்டளையோடு இரண்டு குறித்த எண்களையும் கொடுக்காவிட்டால் இயங்குதளத்தின் மையமான கருனி அதை ஏற்காது; தவறுதலாக எவரும் கணினியை நிறுத்திவிடாமல் இருக்கவே அந்தக் காவல். இரண்டாவது எண் 672274793. பதினறுமத்தில் எழுதினால் 28121969, அதாவது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த 1969 டிசம்பர் 28. அதற்குப் பதிலாக ஏற்கப்படும் மற்ற மூன்று எண்களும் அவருடைய மூன்று மகள்மாரின் பிறந்த திகதிகள். உன் எண்ணமும் அவருடையதும் ஒன்றுதான்; ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம் என்பதால் எட்டு இலக்கத் திகதி நான்கு பைட்டுகளில் அளவாக அடங்கியும் விடுகிறது.

எல்லாக் குறும்பும் இப்படி அமைவதில்லை. மைக்ரோசொஃப்ட் லினக்ஸுக்குக் கொடுத்த நிரலில், பெண்களின் உடலைக் கேலிசெய்யும் சொற்களாக வாசிக்கத்தக்க எண் ஒன்று 2012இல் வெளிப்பட்டு, அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எழுதியவர் தன் மேசையோடு அது முடிந்துவிடும் என நினைத்திருப்பார் போலும். பெட்டிக்குள் போகும் நிரலை, எங்களைப்போல எங்கோ இருக்கும் பழுதுபார்ப்பவர்களும் ஒருநாள் திறந்து வாசிப்பார்கள்.

இன்னும் இரண்டு விடயம். அந்தத் திகதியைக் கடவுச்சொல்லாக ஒருபோதும் வைக்காதே. அடையாள எண் இருப்பதால் மட்டும் தரவு பழுதில்லை என்று ஆகாது. தரவிலிருந்து கணக்கிட்ட எண்ணை ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சிஆர்சி சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்.

எந்தத் திகதி என்பதுதான் சிக்கல். அடையாள அட்டையில் இருப்பது பள்ளியில் சேர்த்தபோது எழுதிய திகதி. அம்மம்மா வைத்திருந்த சாதகக் குறிப்பில் வேறு உண்டு. அம்மா குறிப்பில் உள்ளதையே போடச் சொல்கிறாள். தேடியெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா