வீட்டுக்குப் போகும் பென்டிரைவுக்கு ஒரு பூட்டு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் நம் திருநெல்வேலிக்குள் வந்தபோது சந்திப்பு, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் என்ன கதிக்கு ஆளாயின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் உங்களில் பலர் ஒரு நல்ல பழக்கத்துக்கு வந்திருக்கிறீர்கள். சாயங்காலம் கடையடைக்கும்போது டேலி கணக்கு பேக்கப்பையும் முக்கியமான ஃபைல்களையும் பென்டிரைவிலோ போர்ட்டபிள் ஹார்ட்டிஸ்க்கிலோ போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த டிரைவ் இப்போது தினமும் பாளையங்கோட்டை பஸ்ஸில் போகிறது, சட்டைப்பையில் கிடக்கிறது, ஸ்கூட்டர் டிக்கியில் வெயில் காய்கிறது. எவர் கையில் சிக்கினாலும் செருகினால் திறந்துகொள்ளும். அதைப் பூட்டுவது எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஆடிட்டர் ஆபீஸ் டிரைவில் அவர்களிடம் கணக்குக் கொடுத்தவர்களின் பான் எண்ணும் பேங்க் ஸ்டேட்மென்டும் இருக்கும். ஸ்கேன் சென்டர் டிரைவில் நோயாளிகளின் ரிப்போர்ட். பத்திர எழுத்தரிடம் ஊர்ப்பட்ட ஆதார் நகல். தொலைந்தால் நஷ்டம் உங்களை நம்பிக் கொடுத்தவர்களுக்கும்தான். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அது உச்சவரம்பு, நம் அளவுக்கு அவ்வளவு வராது என்றாலும், பொறுப்பு யாருடையது என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை.

"அதெல்லாம் டெலிட் பண்ணிட்டேன் அண்ணாச்சி" என்பார்கள். டெலிட் செய்தால் ஃபைலின் பெயர்தான் பட்டியலிலிருந்து போகும். அந்த இடத்தில் வேறொன்றை எழுதும்வரை உள்ளே இருந்தது அப்படியே இருக்கும். குவிக் ஃபார்மேட்டும் அதே கதைதான். "கல்யாண போட்டோ அழிஞ்சிட்டு, எடுத்துத் தாங்க" என்று வருபவர்களுக்கு நாங்கள் மீட்டுத் தருவது இதை வைத்துத்தான். நாங்கள் எடுக்கிற மாதிரி டிரைவைக் கண்டெடுத்தவரும் எடுக்கலாம். ஃபோல்டரை மறைத்து வைப்பது பூட்டே அல்ல. இ-ஆதார் பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றால், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது என்று ஜெராக்ஸ் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

உண்மையான பூட்டு என்கிரிப்ஷன்தான். டிரைவில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் ஒரு ரகசிய எண்ணை வைத்துக் குழப்பி எழுதிவிடும். இதற்கு இன்று உலகமெல்லாம் புழங்குவது ஏஇஎஸ் என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வகுத்தது. 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. அந்த ரகசிய எண்ணைப் பூட்டும் மென்பொருளோ டிரைவில் உள்ள சிப்போ உண்டாக்கி, டிரைவுக்குள்ளேயே பூட்டிய ஒரு பெட்டியில் வைக்கும். உங்கள் பாஸ்வேர்டு திறப்பது அந்தப் பெட்டியை. அதனால்தான் பாஸ்வேர்டை மாற்றினால் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. மொத்த டிரைவையும் மறுபடி எழுத வேண்டியதில்லை.

பெரும்பாலோருக்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் ப்ரோ உள்ள கம்ப்யூட்டரில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' என்று வரும். பிட்லாக்கர் என்பது விண்டோஸிலேயே உள்ள பூட்டு. பாஸ்வேர்டு கேட்கும். அடுத்து 48 இலக்க மீட்புச் சாவியை எங்கே வைக்க என்று கேட்கும். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பாஸ்வேர்டு மறந்துபோனால் கைகொடுப்பது அந்த எண் ஒன்றுதான். அதை அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். அதே டிரைவோடு ஒரே பையில் வைத்தால் பூட்டியும் பயனில்லை. பிறகு, எழுதப்பட்ட இடத்தை மட்டும் பூட்டவா, முழு டிரைவையுமா என்று கேட்கும். புது டிரைவுக்கு முதலாவது போதும். ஏற்கெனவே புழங்கியதென்றால் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் முன்பு அழித்தவை பூட்டுக்கு வெளியே கிடக்கும். கடைசியாக வரும் கேள்விக்கு 'கம்பேட்டிபிள் மோட்' என்று கொடுத்தால் பழைய விண்டோஸிலும் திறக்கும்.

வீட்டு லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம்தான் இருக்கும். அதில் பூட்ட முடியாது, ஆனால் வேறிடத்தில் பூட்டியதைத் திறந்து வேலை பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போன், டிவி, ஸ்டுடியோ பிரிண்டர் ஆகியவற்றில் இது திறக்காது. ஆபீஸில் மேக்கும் லினக்ஸும் கலந்து ஓடினால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதைப் போட்டுவைத்த கம்ப்யூட்டரில்தான் திறக்கும்.

டிரைவின் மேலேயே நம்பர் பட்டன் உள்ள வகை பற்றியும் கேட்கிறீர்கள். என்கிரிப்ஷன் சிப் உள்ளேயே இருப்பதால் எந்தக் கம்ப்யூட்டரிலும் மென்பொருள் இல்லாமல் திறக்கும். கிங்ஸ்டன் அயர்ன்கீ வகையில் தொடர்ந்து பத்து முறை தப்பாக அழுத்தினால் சாவி அழிந்து, உள்ளே இருப்பது யாருக்கும் இல்லாமல் போகும். ஆடிட்டர் அலுவலகங்களில் டிஜிட்டல் கையெழுத்துக்கு வைத்திருக்கும் டிஎஸ்சி டோக்கனும் இதே போக்குத்தான்: சாவி அதைவிட்டு வெளியே வராது. நல்ல பொருள், ஆனால் சாதாரண பென்டிரைவைப் போலப் பல மடங்கு விலை. பல கம்ப்யூட்டர்களில் மாறி மாறிச் செருகுபவர்களுக்கு மட்டும்தான் நாங்கள் சிபாரிசு செய்கிறோம். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். 2010 தொடக்கத்தில், அமெரிக்க அரசுச் சான்று பெற்ற சில கம்பெனி டிரைவ்களை ஜெர்மனி ஆய்வாளர்கள் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து காட்டினார்கள். ஏஇஎஸ்ஸில் குறை இல்லை. பாஸ்வேர்டு சரியா என்று பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் ஓடிய மென்பொருளிடம் விட்டிருந்ததுதான் ஓட்டை.

பாஸ்வேர்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். டிஎன் 72-இல் தொடங்கும் உங்கள் வண்டி நம்பர் வேண்டாம், கடைப் பெயரோடு 123 வேண்டாம், பிள்ளை பிறந்த தேதி வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் போடுங்கள், நீளம்தான் பலம். ஜப்பானில் அமகசாகி நகரத்தில் 2022 ஜூனில் நடந்ததைக் கேளுங்கள். மாநகராட்சி வேலையை எடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், ஊரில் உள்ள சுமார் 4.6 லட்சம் பேரின் விவரங்களை யுஎஸ்பியில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் குடித்துவிட்டுத் தெருவிலேயே தூங்கிப்போனார். விழித்தபோது பை இல்லை. டிரைவ் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தது, நல்ல காலம். ஆனால் பத்திரிகையாளர்களிடம் விளக்கம் சொன்ன அதிகாரி, பாஸ்வேர்டு 13 எழுத்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். உடனே ஜனங்கள் இணையத்தில் ஊர்ப் பெயரையும் 2022-ஐயும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள்: ஆங்கிலத்தில் சரியாக 13! சில நாளில் பை கிடைத்துவிட்டது. பாஸ்வேர்டு என்ன என்பது மட்டுமல்ல, எத்தனை எழுத்து என்பதும் யாருக்கும் தெரிய வேண்டாம்.

பூட்டினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைத் தட்டித் திறந்துவிட்டால் அந்த நேரத்துக்கு அது திறந்த வீடுதான். ஷார்ட்கட் வைரஸ் தாராளமாக உள்ளே வரும். பிரிண்ட் எடுக்க மட்டும் தனியாக ஒரு காலி பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவ் பழுதானால் பூட்டியதிலிருந்து மீட்பது சாதாரண டிரைவைவிட ரொம்பக் கஷ்டம், ஆகவே இரண்டாவது பிரதி கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்காதீர்கள், எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள்.

உங்களிடம் விண்டோஸ் ப்ரோ இல்லையென்றால், காலி டிரைவோடு கடைக்கு வாருங்கள். சில நிமிட வேலைதான். ஃபைல் உள்ள பழைய ஹார்ட்டிஸ்க்கை எங்களிடம் விட்டுப்போக வேண்டாம். முழு 1 டிபியையும் பூட்டப் பல மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அது எங்கள் மேஜையில் திறந்து கிடக்கக் கூடாது. போன் செய்தால் எங்கள் ஆள் லேப்டாப்போடு உங்கள் ஆபீஸுக்கே வந்து முடித்துத் தருவார். பாஸ்வேர்டை நீங்களேதான் தட்ட வேண்டும், எங்களிடம் சொல்லக் கூடாது. மீட்புச் சாவியை உங்கள் எதிரிலேயே அச்சிட்டுக் கையில் தருவோம், நகல் வைத்துக்கொள்ள மாட்டோம். ஆகையால் இரண்டையும் தொலைத்துவிட்டு வந்தால் எங்களாலும் திறக்க முடியாது. நம் கடையில் வாங்கிய டிரைவுக்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் கடையார்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி