என் அப்பாவின் குரலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டு நடு அறையில் இருந்த நாஸ் பெட்டி (கம்ப்யூட்டர் ஃபைல்களை நெட்வொர்க் வழியாகச் சேர்த்து வைக்கிற பெட்டி) விடாமல் கத்த ஆரம்பித்தது. பச்சையாக எரிய வேண்டிய இரண்டு விளக்குகளில் ஒன்று ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது. உள்ளே இருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து சனிக்கிழமை காலை வரை எனக்குத் துணை நின்றவர்களுக்கு நேரில் போய் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெட்டியில் இருப்பது என் வீட்டுச் சொத்து மட்டும் இல்லையே.

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியும். 2011-லிருந்து என் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டிகளைப் பேச வைத்துப் பதிவு செய்து கொண்டுவருவார்கள். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பா, பாசி எடுக்கப் போன பெண்கள் தீவுகளைப் பற்றிச் சொன்னது, கச்சான் காற்று எப்போது திரும்பும் என்று கண்டுபிடிக்கிற கணக்கு, எல்லாம் அதில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஏறிய கதையை மட்டும் ஒன்பது பேர் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் அப்பா. மூன்றே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அப்பாவும் இல்லை.

முதல் நன்றி கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகனுக்கு. நான் போன் செய்தபோது பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகலாமா என்ற யோசனையில் இருந்தேன். விசாரித்த ஒரு கடையில் வேறு, "எல்லாம் போச்சு, ஃபார்மேட் போட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்று சொல்லியிருந்தார்கள். அவன்தான், "சித்தி, பொறுங்க. எதையும் தொடாதீங்க" என்றான். எங்கள் பெட்டியில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்குதான் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது முழுசாக வைத்திருக்கும், அதனால் ஃபார்மேட் என்ற பேச்சே வேண்டாம் என்று விளக்கினான். அப்புறம் அவன் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது: "ரெண்டு டிஸ்க்கையும் 2018-ல ஒரே நாள்ல வாங்கினீங்க. ஒண்ணுக்கு வயசானா இன்னொண்ணுக்கும் அதே வயசுதான். புது டிஸ்க்கைப் போட்டதும், அதில நகல் எழுத, மிச்சம் இருக்கிற டிஸ்க்கைப் பெட்டி முதல்ல இருந்து கடைசி வரை ஒரே மூச்சில படிக்கும். அந்தப் பாரத்தில அதுவும் போகலாம். முதல்ல பதிவுகளை வெளியே ஒரு காப்பி எடுங்க." அன்று இரவே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அதன் பிறகுதான் தூக்கம் வந்தது.

ராமநாதபுரம் கடைத் தம்பிக்கு அடுத்த நன்றி. 4 டிபி டிஸ்க் வேண்டும் என்று கேட்டேன். கையில் ஒன்று இருந்தது, விலையும் குறைவு. அதை விற்றிருந்தால் நான் சந்தோஷமாக வாங்கி வந்திருப்பேன். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "டீச்சர், இது உங்களுக்கு ஆகாது" என்றார். வீட்டுக்கு ஓடு வேய்கிற மாதிரி, டிஸ்க்கில் பதிவு எழுதுகிற தடங்களை ஒன்றின் விளிம்பில் ஒன்றாக ஏற்றி எழுதுகிற வகை அது. ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். படம் போட்டு வைக்கப் போதும். நாஸ் பெட்டிக்குள் மணிக்கணக்கில் நிறுத்தாமல் எழுதும்போது திணறிவிடும். இதை ஒரு பில் தாளின் பின்பக்கம் ஓடு வரைந்தே காட்டினார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி, சரியான வகையை மதுரையிலிருந்து வரவழைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் ராமேஸ்வரம் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். அந்தப் பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. பார்சலைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பாலம் தாண்டி வந்தார்.

இனி எங்கள் தெரு படகு மெக்கானிக் அண்ணன். எத்தனை விசைப்படகு இன்ஜினைப் பிரித்துப் போட்ட கை அது! பழுதான டிஸ்க்கைக் கழற்றும் முன், திரையில் காட்டிய சீரியல் நம்பரும் டிஸ்க் லேபிளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லியிருந்தான் அக்கா மகன். தவறி நல்லதைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது. எங்கள் பெட்டியில் ஓடும்போதே மாற்றலாம். கொஞ்சம் மட்டும் இழுத்துவிட்டு அரை நிமிடம் அசைக்காமல் பிடித்திருந்தேன். உள்ளே தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, விரலில் பம்பரம் மாதிரி ஒரு நடுக்கம் தெரிந்தது. அது அடங்கியதும் வெளியே எடுத்து லேபிளைப் பார்த்தோம். நம்பர் சரி.

பிரச்சினை திருகாணியில் வந்தது. டிஸ்க்கை அது உட்காரும் சட்டத்தோடு பிடித்திருந்த நான்கில் ஒன்று உப்புக்காற்றில் துரு ஏறி, தலை மழுங்கிப் போயிருந்தது. நான் திருகினால் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. அண்ணன் என் கையைத் தடுத்து, பழைய சைக்கிள் டியூப்பில் நகம் அளவு ஒரு துண்டு வெட்டி, திருகாணித் தலை மேல் வைத்தார். அதன் மேல் டிரைவரை நேராக அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கால் சுற்று. ரப்பர் பள்ளத்தில் கவ்விக்கொண்டது. 'டக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது. கூலி கேட்டபோது, "உங்க அப்பாகிட்ட நான் கதை கேட்டிருக்கேம்மா" என்று மட்டும் சொன்னார்.

புது டிஸ்க்கை இரவு ஒன்பது மணிக்குப் போட்டோம். பழையதிலிருந்து புதியதற்கு எழுத 11 மணி நேரம் என்று காட்டியது. இரண்டரை மணிக்குக் காற்று அடித்து கரண்ட் போனது. என் யுபிஎஸ் தாங்குவது இருபது நிமிடம். பக்கத்து வீட்டு மதினி வாசலில் டார்ச்சோடு நின்றார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து சுவர் தாண்டி ஒரு வயரை இழுத்துக் கொடுத்து, தங்கள் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியோடு உட்கார்ந்தார்கள். நான்கரைக்குக் கரண்ட் வரும் வரை இருவரும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலை இரண்டு விளக்கும் பச்சை.

இப்போது பெட்டி கடல் பார்த்த ஜன்னலை விட்டு உள் அறைக்குப் போய்விட்டது. பழைய இன்னொரு டிஸ்க்கையும் அடுத்த மாதம் மாற்றப் போகிறேன். இரண்டு டிஸ்க் இருப்பதாலேயே பத்திரம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். தவறி ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும், பெட்டியோடு போனால் இரண்டும் போகும். அதனால் அந்த யுஎஸ்பி காப்பி அக்கா வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறது.

தாத்தா பாட்டி குரல் வேண்டும் என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மேல் பென்டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு காப்பி இருக்கட்டும். மெக்கானிக் அண்ணா, நீங்கள் முதல் ஆளாக வர வேண்டும். அப்பா உங்களுக்குச் சொன்ன அந்த ரயில் கதை இரண்டாவது பதிவில் இருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்,
தங்கச்சிமடம்