பூட்டிவிட்டுப் போகக்கூடிய கடல்நீர்த் தொட்டி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மாமிக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று படித்த பிறகுதான் நிம்மதி, நான் சுகம் விசாரித்ததாகச் சொல். இங்கே மாரி பிடித்துவிட்டது, உப்புவெளிப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கிறது, மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை கிட்ட வருவதால் வீட்டில் ரீவி போடுவதே இல்லை. அவ்வளவுதான் புதினம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருந்துகொண்டு, வேலைக்காக இரண்டு கிழமை வெளியே போய் வருகிற ஒருவன் கடல் மீன் வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வளர்க்கலாம், உள்ளே போடுகிற உயிர்களைக் குறைத்துக்கொண்டால். மோட்டாரையும் லைட்டையும் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், என்னைக் கேட்டால் தண்ணீர் வற்றுவதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கடல் தண்ணீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. 60 லீற்றர் தொட்டி என்றால் 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வற்றிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு அப்படியே உள்ளே நிற்கும். 6 லீற்றர் வற்றினால் மிச்சத் தண்ணீரில் லீற்றருக்கு 39 கிராம் ஆகிவிடும், அதற்கு மேலும் ஏற ஏற மீனுக்குக் கஷ்டம்தான். நம் வெக்கைக்கு, மேலே ஒரு ஃபேனும் ஓடினால், மூடாத சின்னத் தொட்டி இதை ஒரு கிழமையிலேயே செய்துவிடும். அதனால்தான் 20 லீற்றர் தொட்டி வேண்டாம் என்கிறேன், அது பார்க்க வடிவுதான், ஆனால் ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் அதன் தண்ணீர் மாறிவிடும். 60க்குக் குறையாமல் எடு, இடமிருந்தால் 100.

இதற்கு என்ன செய்யலாம் என்றால், தொட்டிக்கு மேலே ஒரு தட்டில் 15 லீற்றர் கான் ஒன்றை வைத்து, கூரைத் தண்ணீர்த் தாங்கியில் இருக்குமே மிதவை வால்வு, அதிலே சின்னதாக ஒன்றை வாங்கித் தொட்டி விளிம்பில் பூட்டிவிடு. மட்டம் இறங்க இறங்கத் தண்ணீர் தானாக விழும், கரண்டும் தேவையில்லை. கானில் ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, ஆர்.ஓ. தண்ணீரே, அதாவது சவ்வு வடிகட்டியில் வடித்த தண்ணீரே நல்லது. கானைப் பெரிதாக வைக்க ஆசைப்படாதே. மிதவை ஒரு நாள் சிக்கிக்கொண்டால் கானில் உள்ளதெல்லாம் தொட்டிக்குள் இறங்கிவிடும், 15 லீற்றர் என்றால் வீட்டில் தண்ணீர் ஓடினாலும் மீன் தப்பும்.

கரண்ட் போவது அடுத்த பயம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இல்லாமல் இருந்தோமே, அப்போது இங்கே பலருடைய தொட்டிகள் நாறிப்போயின. தண்ணீர் அசையாமல் நின்றால் ஒட்சிசன் குறையும், சூடான தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. கரண்ட் நின்றதும் தானாக ஓடத் தொடங்குகிற பற்றரிக் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வை. அப்புறம் மூடி விளிம்பில், வயர் ஏறி இறங்குகிற இடத்தில், சில நாளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். விரலால் தொட்டால் மாவு போல உதிரும், விட்டால் வயரோடு ஊர்ந்து பிளக் வரை போய்விடும். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடு, ஈரம் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதைக் கட்டாயம் செய், ஆளில்லாத வீட்டில் நெருப்புப் பிடிக்கக்கூடாது.

உள்ளே என்ன போடுவது? ஒரு சோடி கோமாளி மீன் போதும், பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்கு. இரண்டு மூன்று நத்தை, சங்குக்குள் வாழும் நண்டு ஒன்று இரண்டு, பின் மூலையில் கடற்பாசி ஒரு கைப்பிடி. பாசி கழிவைத் தின்று வளரும், அளவுக்கு மேல் போனால் கிள்ளி எறி. அந்தச் சங்கு நண்டு வீடு மாறுவதை நீ பார்க்க வேண்டும். புதுச் சங்கின் வாயைக் காலால் தடவித் தடவி, உள்ளே விட்டுப் பார்த்து, திருப்தி வந்ததும் ஒரே தாவலில் மாறிவிடும், அந்த மெல்லிய வளைந்த வயிறு ஒரு கணம்தான் வெளியே தெரியும். அதற்காகவே நான் வெறும் சங்குகளை உள்ளே போட்டு வைத்திருக்கிறேன்.

பவளம் எடுத்துத் தா என்று கேட்டிருந்தாய், அது மட்டும் என்னால் முடியாது. இங்கே பவளம் இருக்கிற புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே ஒரு துண்டு கல்லுக்கும் கைவைக்கக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கமாட்டேன், நிலாவெளியிலிருந்து படகில் போகிறவர்கள் மிதித்து உடைத்ததே போதும் மச்சான், பார்க்கவே வயிறு எரிகிறது. கடல் தண்ணீரும் இங்கிருந்து வேண்டாம். மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது, உப்பும் குறையும், சேறும் வரும். கடைகளில் கடல் உப்புப் பொடி பக்கெட்டில் விற்கிறார்கள், அதைக் கரைத்துக்கொள். சமையல் உப்பு சரிவராது, கடல் நீரில் மக்னீசியம், கல்சியம் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும்.

தண்ணீரும் கல்லும் வைத்தவுடன் மீனை விடாதே. மீன் கழிவில் வருகிற அமோனியாவைத் தின்று மாற்றுகிற பக்டீரியா கல்லில் குடியேற நாலைந்து கிழமை வேண்டும். அமோனியாவும், அது மாறி வருகிற நைத்திரைற்றும் பூச்சியம் என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் மீன். அதற்குப் பிறகும் இரண்டு மாதமாவது வீட்டில் நின்று பார்த்துவிட்டு முதல் பயணம் போ. போவதற்கு முந்தின கிழமை புதிதாக எதையும் உள்ளே விடாதே, தீனி மாற்றாதே.

பக்கத்து வீட்டாரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவாய் என்று தெரியும். பாசத்தில் அள்ளிப் போடுவார்கள், தின்னாத தீனி அழுகினால் அதோடு எல்லாம் போச்சு. நல்ல சுகமான பெரிய மீன் ஒரு கிழமை பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு கிழமை என்றால், ஒரு வேளைத் தீனியை ஒரு சின்னப் பேப்பரில் மடித்து, நாள் எழுதிக் கொடுத்துவிடு, மூன்று நாளுக்கு ஒரு தரம் போதும். தானாகத் தீனி போடும் பெட்டி கடற்கரைக் காற்றில் ஈரமாகிக் கட்டிபட்டுவிடுகிறது, நான் அதை நம்புவதில்லை. ஒரு மாதம் பூட்டிவிட்டுப் போவதென்றால் மீனே வேண்டாம், நத்தையும் பாசியும் மட்டும் வை, அதுவும் அழகுதான்.

தொட்டி வைக்கப்போகிற இடத்தின் நீள அகலத்தையும், பக்கத்தில் யன்னல் இருக்கிறதா என்பதையும் எழுது. வெயில் நேரே விழுகிற இடமென்றால் இப்போதே வேறு இடம் பார், தண்ணீர் சூடேறிவிட்டால் இவ்வளவு செய்தும் பிரயோசனமில்லை. மிதவை வால்வு இங்கே கடைத்தெருவில் கிடைக்கிறது, தம்பி கொழும்பு வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்
திருகோணமலை