செத்துவிட்டது என்று யார் சொன்னது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில், "சர்வர் செத்துப்போச்சும்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடப் போறேன்" என்றாய். எனக்குத் தூக்கக் கலக்கம். சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது: போட்டோ எல்லாம் வைத்திருக்கும் அந்தச் சர்வர் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்ததாக நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (வேறு மெஷினிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போகவில்லை, போனில் போட்டோ திறக்கவில்லை. உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குள் இரங்கல் கூட்டமே போட்டுவிட்டாய்.

அழித்துவிடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது கையைக் கட்டிக்கொண்டு இரு. மறுபடி இன்ஸ்டால் செய்தால் சில சமயம் சரியாகிவிடும், நான் மறுக்கவில்லை. ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாமல் சரியானால், அடுத்த முறையும் இதே இடத்தில்தான் வந்து முழிப்பாய். கோளாறு கேபிளில் என்றால் நாலு தடவை இன்ஸ்டால் செய்தாலும் அது அப்படியேதான் இருக்கும்.

முதலில் எழுந்து போ. பெட்டியின் பின்னால் கேபிள் செருகியிருக்கும் இடத்தில் குட்டி லைட் இருக்கும். அணைந்து கிடந்தால் கேபிளை உருவி மறுபடி செருகு. 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பிளக்கின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். பார்வைக்குச் செருகியது போலவே தெரியும், ஆனால் நாளடைவில் மெல்ல மெல்லப் பின்னால் நழுவும். ரவுட்டர் பக்கத்து முனையையும் இதே மாதிரி பார். வேறு போர்ட்டில் செருகிப் பார், வேறு கேபிள் போட்டுப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, "இப்ப வருதும்மா" என்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

கேபிள் முழுசாகப் போனால் நல்லது, உடனே தெரிந்துவிடும். அரைகுறையாகப் போவதுதான் தொல்லை. உள்ளே எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். நாற்காலிச் சக்கரம் ஏறி ஒரு ஜோடி அறுந்தால் பல நேரம் இணைப்பு போகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். லைட்டும் எரியும், பிங்கும் ('இருக்கிறாயா' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சோதனை) போகும். பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது மட்டும் நொடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குக் கேபிள்தான் ஞாபகத்துக்கு வரும். ஈத்டூல் (ethtool) என்ற கட்டளை எந்த வேகத்தில் இணைப்பு நிற்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடும். "பேக்கப் ராத்திரி முழுக்க ஓடுது" என்று போன மாதம் புலம்பினாயே, அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

லைட் எரிகிறதா? சரி. இனிதான் நீ என்னிடம் சொல்லாமல் விட்ட விஷயம். "போகலைம்மா" என்றாய். எப்படிப் போகவில்லை? திரையில் என்ன வாசகம் வந்தது? கதவைத் தட்டினால் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று உள்ளேயிருந்து குரல் வருவது வேறு. தட்டித் தட்டிக் கை வலித்தும் சத்தமே இல்லாதது வேறு. தெருவே காணோம் என்பது இன்னொன்று. மூன்றையும் 'போகலை' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் நான் எங்கிருந்து தேடுவது?

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் சந்தோஷப்படு. முகவரி சரியாக இருந்தால், உன் சர்வர்தான் முகம் கொடுத்து மறுத்திருக்கிறது. கேபிள், ரவுட்டர், ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு மெஷினுக்கு உள்ள எண்) எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அந்த போர்ட்டில் (இது கேபிள் செருகும் இடம் இல்லை, புரோகிராம்கள் காத்திருக்கும் எண் போட்ட வாசல்) கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய புரோகிராம்தான் பெரும்பாலும் எழவில்லை. அல்லது எழுந்து, 127.0.0.1இல் மட்டும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த முகவரி அந்த மெஷினுக்குள்ளேயே சுற்றுவது. வெளியிலிருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது. சர்வரில் எஸ்எஸ் (ss) கட்டளையை ஓட்டினால் எந்த போர்ட்டில் எந்த முகவரியில் யார் கேட்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். 127.0.0.1 என்று இருந்தால் அந்த புரோகிராமின் செட்டிங்கில் 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேள் என்று பொருள்) என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு 'டைம்டு அவுட்' என்றால் நீ அனுப்பும் பாக்கெட்டை (தகவல் துண்டை) யாரோ விழுங்குகிறார்கள். பெரும்பாலும் ஃபயர்வால், அதாவது யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் காவல்காரன். நீ யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை ஆன் செய்தபோது 22ஆம் போர்ட்டை அனுமதித்தாயா? எஸ்எஸ்எச் அந்த வாசல் வழியாகத்தான் வரும். அனுமதிக்காமல் ஆன் செய்துவிட்டு வீட்டுக்கு வெளியே நின்று தாழ்ப்பாளைத் தேடியவர்களில் நானும் ஒருத்தி.

'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வந்தால், அதே நெட்வொர்க்கில் இந்த முகவரிக்கு உரியவர் யார் என்று உன் லேப்டாப் கூவிப் பார்த்திருக்கிறது, ஒருவரும் கை தூக்கவில்லை. சில ஃபயர்வால்களும் இதே வாசகத்தைத் திருப்பி அனுப்பும், ஆகவே அதையும் மனதில் வை. ஆனால் உன் விஷயத்தில் இதுதான் வந்திருக்கும் என்று என் உள்மனது சொல்கிறது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பிங் போட்டுப் பார்ப்பது உனக்குத் தெரியும். அதை மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். சோனார் ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறதே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். அவர் சொல்லிவைத்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விட்டு விட்டு அறுந்துகொண்டிருந்த ஒரு நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த வேறொருவர், ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் 'பிங்' என்று பேசும்படி செய்து, அதை ஆபீஸ் ஸ்டீரியோவில் இணைத்து, காது தாங்கும் அளவுக்கு வால்யூமை வைத்தாராம். பிறகு கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அதுதான் திருடன். லினக்ஸ் பிங்கிலும் பதில் வரும்போது 'பீப்' அடிக்கச் சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கிறது. மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கேபிளை அசைக்கும்போது திரையைப் பார்க்க முடியாது இல்லையா, அப்போது காது போதும்.

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன். போனை வைக்கும்போது போகிற போக்கில், "முந்தாநாள்தான் புது என்விஎம்இ டிஸ்க் போட்டேன், அதுக்குள்ள இப்படி" என்றாய். பாப்பா, அதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்! லினக்ஸ் உன் நெட்வொர்க் கார்டுக்கு ஈஎன்பி3எஸ்0 (enp3s0) என்கிற மாதிரி ஒரு பெயர் வைக்கும். அதில் உள்ள 3 என்பது மதர்போர்டில் அந்தக் கார்டு எந்தப் பாதையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் எண். நடுவில் புதிதாக ஒரு டிஸ்க் வந்து உட்கார்ந்தால் எண்கள் ஒன்று தள்ளிப்போகலாம், நேற்று வரை 3 ஆக இருந்தது இன்றைக்கு 4. ஆனால் உன் நெட்பிளான் ஃபைலில் (எந்தக் கார்டுக்கு எந்த முகவரி என்று எழுதிவைக்கும் செட்டிங் ஃபைல்) இன்னமும் பழைய பெயர்தான் எழுதியிருக்கும். சிஸ்டம் இல்லாத கார்டுக்கு ஐபி கொடுக்கக் காத்திருக்கும். இருக்கிற கார்டை ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று உனக்குத் தோன்றாததில் தப்பில்லை, எனக்கும் முதல் தடவை தோன்றவில்லை.

இதைப் பார்க்க மானிட்டரும் கீபோர்டும் வேண்டும். மானிட்டர் இல்லை என்பாய், டிவியில் செருகு. பூட் ஆகும்போது நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி வந்து இரண்டு நிமிடம் வரை அப்படியே நின்றால், என் சந்தேகம் பாதி உறுதி. உள்ளே போய் 'ஐபி லிங்க்' என்று அடித்து, அது காட்டும் பெயரையும் நெட்பிளான் ஃபைலில் உள்ள பெயரையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார். வேறாக இருந்தால் ஃபைலைத் திருத்து. இன்னும் நல்லது, பெயரை நம்பாமல் மேக் அட்ரஸை (கார்டுக்குத் தயாரிப்பிலேயே கொடுத்த எண்) கொண்டு கார்டை அடையாளம் காணச் சொல்லி எழுதிவிடு, இனி எத்தனை டிஸ்க் போட்டாலும் குழம்பாது. 'நெட்பிளான் அப்ளை' கொடுப்பதற்குப் பதில் 'நெட்பிளான் ட்ரை' கொடு. நீ என்டர் தட்டவில்லை என்றால் 120 நொடியில் பழையபடி ஆக்கிவிடும். (இந்தக் கோளாறில் கார்டு தூங்குவதால் லைட்டும் அணைந்திருக்கலாம், கார்டைப் பொறுத்தது. அதனால் மேலே சொன்ன கேபிள் சோதனையில் ஒன்றும் தேறவில்லை என்றால் பதறாதே.)

பெயர் சரியாக இருந்து, முகவரி மட்டும் 169.254 என்று தொடங்கினால் அது வேறு கதை. ரவுட்டரிடம் முகவரி கேட்டும் (இப்படிக் கேட்டு வாங்கும் முறைதான் டிஎச்சிபி) பதில் வராமல், மெஷின் தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடு.

முகவரியை நீயே நிரந்தரமாகக் கொடுத்திருந்தால் ஒன்று கேட்க வேண்டும்: அது ரவுட்டர் மற்றவர்களுக்குப் பங்கிடும் எல்லைக்குள் விழுகிறதா? நம் வீட்டுச் சர்வர் மாலையானால் படுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா, நீ காலேஜில் இருந்தபோது? பகல் முழுக்க நன்றாக ஓடும், ஆறு மணிக்கு மேல் வந்து வந்து போகும். சூடாகிறதோ என்று ஃபேன் எல்லாம் மாற்றினேன். கடைசியில், எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும் 'ஐபி நெய்பர்' கட்டளையைப் போட்டுப் பார்த்தால், ஒரே 192.168.1.20க்கு ஒரு நிமிடம் ஒரு மேக் அட்ரஸ், மறு நிமிடம் இன்னொன்று. அந்த இன்னொன்று உன் அப்பாவின் போன். அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ரவுட்டர் அதே 20ஐ எடுத்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நான் சர்வரில் முகவரி எழுதுவதே இல்லை, ரவுட்டரிலேயே இந்த மேக்குக்கு இந்த ஐபி என்று ஒதுக்கி வைத்துவிடுகிறேன். உன் அப்பா இன்றைக்கும் அது தன் குற்றமில்லை என்றுதான் சொல்கிறார்.

வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து அதன் வெளி முகவரியைப் பார். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நெட் கொடுப்பவர் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறார். நீ எத்தனை போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்தாலும் வேலைக்கு ஆகாது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

டிவியைச் செருகியதும் 'ஐபி லிங்க்' என்ன பெயர் காட்டுகிறது, ஃபைலில் என்ன பெயர் இருக்கிறது என்று இரண்டு வரி மட்டும் அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு: போன தடவை வந்தபோது அந்த நீல கேபிளின் நாக்கு உடைந்து, நீ டேப் ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அதுதான் காரணம் என்று ஆனால், மேலே எழுதியதில் பாதியை அடுத்த முறைக்கு எடுத்து வை. டேப்பை மட்டும் மறுபடி ஒட்டாதே.