ஊர்ப் பெயரோடு வரும் பொருள்: காத்திருப்பு, விலை, முத்திரை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்கு நேரில் வருகிறவர்களும் போனில் ஆர்டர் சொல்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்று கேள்விகள். சுவாமிமலை உலோகச் சிலைக்கு ஏன் இத்தனை மாதம்? அதே அளவுச் சிலை வேறு இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, எப்படி? புவிசார் குறியீடு இருக்கிறதா, இல்லையா? மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். இந்த மாதம் முதல் பொருளோடு வரும் அட்டையை மாற்றியிருக்கிறோம். அதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது.

குறியீட்டிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் குழப்பம் அதிகம் இருப்பது அங்கேதான். ஒரு பொருளின் பெயர் இன்ன ஊருக்கு உரியது என்று காப்பதுதான் புவிசார் குறியீடு. அதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனி ஆள் ஒருவர் தன் பெயருக்கு இந்தப் பதிவை வாங்க முடியாது. தயாரிப்பாளர்களின் சங்கமோ, அவர்கள் சார்பில் சட்டப்படி அமைந்த நிறுவனமோதான் விண்ணப்பிக்க வேண்டும். பொருளின் தனித்தன்மை, செய்முறை, ஊர் எல்லையைக் காட்டும் வரைபடம், தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும். பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்த உரிமையை விற்க முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

சங்கம் பதிவு வாங்கிவிட்டது என்பதால் ஊரிலுள்ள எல்லாப் பட்டறைக்கும் முத்திரை தானாக வந்துவிடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாத பட்டறையின் வேலை அதே தரத்தில், சில சமயம் அதைவிட நன்றாகவும் இருக்கலாம். ஆனால் முத்திரை ஒட்ட அந்தப் பட்டறைக்கு உரிமை இல்லை. ஆகவே முத்திரை இல்லாத பொருளை உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அட்டையில் முத்திரையைப் படமாக அச்சடித்திருப்பதை வைத்து அசல் என்று நம்பிவிடவும் வேண்டாம். பயனாளர் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் அந்த முத்திரையைக் கணக்கில் எடுக்காமல் பொருளை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பட்டுச் சேலையில் இன்னும் சிக்கல். சில்க் மார்க் என்பது நூல் சுத்தமான பட்டு என்று மட்டும் சொல்லும். ஊரையும் சொல்லாது, தறியையும் சொல்லாது. கைத்தறியில் நெய்தது என்பதைச் சொல்ல 2006இல் வந்த கைத்தறி முத்திரை தனி. காஞ்சிபுரம் என்று ஊரைச் சொல்வது புவிசார் குறியீடு ஒன்றுதான். விசைத்தறியில் ஓடிய பட்டுச் சேலையிலும் சில்க் மார்க் இருக்கலாம், அதில் தப்பில்லை. அதைக் காட்டி ‘காஞ்சிபுரம் கைத்தறி’ என்று விற்பதுதான் தப்பு.

இனி சுவாமிமலை. கும்பகோணத்தை ஒட்டிய இந்த ஊரின் வார்ப்பில் முதல் வேலை மெழுகில். தேன்மெழுகும் குங்கிலியம் என்ற மரப்பிசினும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். குங்கிலியம் கூடினால் மெழுகு நொறுங்கும். குறைந்தால் கோடை வெயிலில் கையும் விரலும் வளைந்துவிடும். அதனால்தான் உருவாக்கிய அங்கங்களை அவ்வப்போது குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அளவுக்கு டேப் கிடையாது. சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலை நறுக்கி, அதைக் கணக்குப்படி மடித்து அடையாளம் இடுவார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். சிற்ப நூலின் உத்தம தசதாளம் என்ற அளவு முறையில் மொத்த உயரம் 124 பங்கு; தேவியருக்குரிய மத்திம தசதாளத்தில் 120. முகம், கழுத்து, மார்பு, தொடை எல்லாம் அந்தப் பங்கிலிருந்து வரும். ‘முகத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகச் செய்து தரச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஸ்தபதிகள் மறுப்பது இதனால்தான். ஒரு பங்கை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது மண் கட்டுவது. ஊருக்கும் தொழிலுக்கும் உள்ள முடிச்சு இந்த இடத்தில்தான் இறுகியிருக்கிறது. முதல் பூச்சுக்குக் காவிரி வண்டலை உமிக்கரியோடும் சாணத்தோடும் சேர்த்து மை போல அரைக்கிறார்கள். மெழுகில் உள்ள நகக்கோடு, ஆடை மடிப்பு, மணிமாலை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வது இந்த மெல்லிய பூச்சு. கரி சூட்டைத் தாங்கும். மண்ணுக்குள் நுண்ணிய துளைகளை விட்டு, உலோகத்தோடு வரும் காற்று வெளியேறவும் வழி செய்யும். மண் கரடாக இருந்தால் சிலையின் மேல் கொப்புளம் கொப்புளமாக வார்ப்பு விழும். பிறகு எத்தனை உளி ஓட்டினாலும் முகம் சரிவராது. இரண்டாம் பூச்சு வயல் களிமண்ணும் மணலும். மூன்றாவது கனமான மண், பெரிய சிலையென்றால் உள்ளே இரும்புக் கம்பிக் கட்டோடு. ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி உரு சாயும், வெளியே மண் வெடிக்கும். உங்கள் காத்திருப்பில் பெரும்பகுதி இந்த நிழலில்தான் போகிறது.

காய்ந்த அச்சை வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். மெழுகு 1 கிலோ என்றால் அந்த இடத்தை நிரப்ப உலோகம் ஏறக்குறைய 9 கிலோ. ஆகவே மெழுகு உருவை எடைபோட்டவுடனேயே சிலையின் எடை தெரிந்துவிடும். நாங்கள் மதிப்பீடு சொல்வது அந்தக் கட்டத்தில்தான். உலோகத்தில் பெரும்பகுதி செம்பு. 29 பங்கு செம்புக்கு 2 பங்கு பித்தளை, 1 பங்கு ஈயம் என்பது வழக்கத்திலுள்ள ஒரு கணக்கு. பொன்னும் வெள்ளியும் பூஜைச் சிலைகளில் சம்பிரதாயத்துக்காகச் சேர்ப்பவை, எடையில் சொல்லும்படி இருக்காது. ‘ஐந்து உலோகமும் சம பங்கு’ என்று எங்காவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படியிருந்தால் அந்தச் சிலையின் விலை நகைக்கடைக் கணக்கில் வரும்.

ஊற்றும்போது அச்சு சூடாக இருக்க வேண்டும், உலோகம் இடைவிடாமல் ஒரே தாரையாக இறங்க வேண்டும். அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் நுனி, சிலையைச் சுற்றி வரும் வளைவான திருவாசியின் சுடர் போன்ற மெல்லிய இடங்கள் நிரம்பாது. நடுவில் நிறுத்தி ஊற்றினால் அந்த இடத்தில் கோடு விழும். அச்சில் துளி ஈரம் மிஞ்சியிருந்தால் ஆவி கிளம்பி உலோகத்தில் குழி விழும், சில சமயம் அச்சே வெடித்துப் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும். வார்ப்பு கெட்டால் பாதியிலிருந்து தொடர வழியில்லை. மெழுகும் போய்விட்டது, மண்ணும் உடைந்துவிட்டது. மறுபடி தேன்மெழுகு காய்ச்ச வேண்டியதுதான். வார்ப்பு நன்றாக வந்தாலும் உளி, அரம், உப்புத்தாள் வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்து மெருகேற்றுவதும் அதில் அடக்கம். பூஜைச் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில்.

பாதி விலைச் சிலைகள் பெரும்பாலும் மணல் அச்சில், ஒரே மாதிரியை வைத்து நூற்றுக்கணக்கில் வார்த்தவை. அவற்றில் உலோகம் பித்தளை, உள்ளே வெறும் கூடு. வீட்டு அலமாரிக்கு அது போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள், எங்களிடமும் அப்படி உண்டு, அட்டையில் ஊர்ப் பெயர் இல்லாமல். வேறுபாடு தெரிய ஒரு சோதனை சொல்கிறோம். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் சிலையை, அடியில் திறப்பு இருந்தால் அதை அடைத்துவிட்டு, முழுக்க அமிழ்த்தி, வழிகிற தண்ணீரைப் பிடித்து அளந்து பாருங்கள். 1 லிட்டர் வழிந்தால் கனவார்ப்புச் சிலை, அதாவது உள்ளும் உலோகமாகவே வார்த்தது, எட்டரை கிலோவுக்குக் குறையாது. ஆறு ஏழு கிலோதான் இருக்கிறது என்றால் உள்ளே கூடாகவோ வேறு எதையாவது அடைத்தோ இருக்கிறது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பொருத்துக் கோடு தெரிந்தால் அது இரண்டு பாதிகளைச் சேர்த்த அச்சின் தடம்.

மற்ற ஊர்கள் பற்றிச் சுருக்கமாக. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பாகம் பாகமாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு இணைப்பது. வாங்கும்போது தண்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை தேய்ந்திருந்தால் எண்ணெய் கசியும், விளக்கு சாயும். பத்தமடைப் பாயில் கோரையை ஓடும் தண்ணீரில் ஊறவைப்பது முக்கியம். தேங்கிய தண்ணீரில் ஊறினால் கோரை கறுத்து நாறும். தாமிரபரணியில் தண்ணீர் வரத்து குறையும் காலத்தில் மெல்லிய பட்டுப்பாய் ஆர்டரை நாங்கள் எடுப்பதில்லை. பவானி ஜமக்காளத்துக்குக் குறியீட்டோடு இன்னொரு காப்பும் உண்டு. சில துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது. ஆனாலும் சந்தையில் விசைத்தறிச் சரக்கு இல்லாமல் இல்லை.

ஒரு ஊரில் ஒரு கலை நிலைத்திருக்க எது உதவுகிறது என்றும் சிலர் கேட்கிறீர்கள். பட்டங்கள் உதவும்: 2015இல் உலகக் கைவினைக் கவுன்சில் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அங்கீகரித்தபோது ஊரைத் தேடி வருகிறவர்கள் கூடினார்கள். ஆனால் சுற்றுலாவாக வருகிறவர் பெட்டியில் அடங்குகிற சின்னச் சிலையைத்தான் வாங்குவார். பட்டறையும் சின்னச் சிலைக்கே பழகினால் ஆறடிச் சிலை செய்யும் கை அடுத்த தலைமுறைக்கு வராது. அதே ஊரில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அந்த வகையில் பெரிய பலம். 1973 முதல் இயங்கும் தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் சுவாமிமலை, நாச்சியார்கோயில் உள்ளிட்ட ஊர்களில் சொந்த உற்பத்தி நிலையங்களே நடத்துகிறது. கடனுக்கு 2023இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் இருக்கிறது: முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம், 5 சதவீத வட்டிக்கு. கடன் உலையும் கருவியும் வாங்கித் தரும். செம்பு வாங்கி இரண்டு மாதம் ஆட்களுக்குக் கூலி கொடுத்துத் தாங்குவதற்கு முன்பணத்தோடு கூடிய ஆர்டர்தான் வேண்டும். நாங்கள் முன்பணம் கேட்பது அதற்காக, அது நேரே பட்டறைக்குப் போகிறது.

அட்டை மாற்றம் இதுதான். மெழுகு உருவிலிருந்து மெருகுவரை எல்லா வேலையும் ஊருக்குள் நடந்திருந்தால் மட்டும் ஊர்ப் பெயர் போடுவோம். வார்ப்பு வேறு இடம், மெருகு மட்டும் சுவாமிமலை என்றால் அதையும் அப்படியே எழுதுவோம். எடை, கனவார்ப்பா கூடா, உலோகக் கலவை, பட்டறைக்குப் பயனாளர் பதிவு இருந்தால் அதன் எண் ஆகியவையும் அட்டையில் இருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல முடியாது. புதுச் சிலைதான் என்றாலும் சுங்கத்தில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு, ‘தொல்பொருள் அல்ல’ என்ற தொல்லியல் துறைச் சான்று கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. களிம்புப் பச்சை நிறம் ஏற்றிப் பழைய சிலை போலக் காட்டச் சொன்னால் இந்தச் சான்று வாங்குவது இழுத்துக்கொண்டே போகும். அனுப்ப வேண்டிய சிலைக்கு அந்த மெருகு வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை.

ஆர்டர் சொல்லும்போது உயரம் பீடத்தோடா, திருவாசியோடா, சிலை மட்டுமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘ஓர் அடி நடராஜர்’ என்றால் மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம், எடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அச்சு காயாது. அந்த இரண்டு மாதமும் பட்டறைகளில் வார்ப்பு குறைவு. தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ சிலை வேண்டுமென்றால் ஆடிக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள். ஆவணி பிறந்த பிறகு வரும் ஆர்டர்களை மாசிக்குத்தான் ஒப்புக்கொள்வோம்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்